சிரிக்காமல் ஒரு தடவை

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்களாம். எந்த வீட்டில்தான் இந்தக் கிண்டல் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை அடம் பிடித்தால், சாப்பிடாமல் படுத்தினால், யாராவது இதைச் சொல்வார்கள். பிள்ளை மூக்கை உறிஞ்சும், அம்மா தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள், அதோடு முடிந்துபோகும். எங்கள் வீட்டில் அது முடியவே இல்லை. நான் பள்ளிப் படிப்பு முடித்தபோது சொன்னார்கள். வேலை கிடைத்தபோது சொன்னார்கள். என் கல்யாணத்தன்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போட்டோ எடுக்க வந்தவரிடம்கூடச் சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அது கிண்டல் இல்லை என்று எனக்கு முப்பத்தைந்தாவது வயதில் தெரிந்தது. யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஒரு படிவம்தான் சொன்னது.

எனக்கு மூன்றாம் மாதம். முதல் பரிசோதனைக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அன்று கடையில் ஆள் இல்லை என்பதால் அம்மா கூட வந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. இருபத்தெட்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மடித்து ஓய்வு பெற்றவள். உள்ளே போனதும் உட்காராமல் ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, சரியாகத் துவைக்கவில்லை என்று என் காதில் குறை சொன்னாள். நர்ஸ் ஒரு அட்டையில் செருகிய படிவத்தைக் கொடுத்தார். குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன வியாதி என்று அதில் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருந்தது.

எங்கள் வீட்டு வியாதிகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை, அப்பாவின் அப்பாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கு ரத்தக் கொதிப்பு, அம்மாவின் அண்ணனுக்கு மூச்சுத் திணறல். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி மடமடவென்று எழுதிக்கொண்டு போனேன். நாலாவது வரியில் அம்மாவின் கை வந்து தாளின் மேல் உட்கார்ந்தது.

"அதெல்லாம் எழுத வேண்டாம்."

"ஏன்?"

"அதெல்லாம் உனக்கு வராது."

"அப்பாவுக்கு இருக்கு, தாத்தாவுக்கு இருந்துச்சு. எனக்கு மட்டும் எப்படி வராது?"

"உன்னைத்தான் தவிட்டுக்கு வாங்கினோமே" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.

வழக்கம்போல நானும் சிரித்தேன். நர்ஸும் சிரித்தார். ஆனால் அம்மாவின் கை தாளை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அம்மா ஜன்னல் திரையைப் பார்த்தாள். நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதினால் போதும், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். எழுதிய நாலு வரியையும் அடித்துவிட்டு, 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா வண்டிக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா, அண்ணன், அத்தை மூன்று பேரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கேட்டதும் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். அழுவார்கள், காலில் விழுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேர் முகத்திலும் இருந்தது நிஜமான ஆச்சரியம்.

"சொல்லியிருக்கோமே" என்றார் அப்பா.

அப்பா சத்தியமாக அதை நம்பித்தான் சொன்னார். அத்தை ஒரு படி மேலே போனாள். மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார்களாம். ஊரறியச் சொன்னார்களாம், விருந்தாளி முன்னால் சொன்னார்களாம், இதைவிட ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள் என்று என்னையே கேட்டாள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தபடி பேசினான். என்னை வீட்டுக்குத் தூக்கிவந்தபோது அவனுக்கு ஆறு வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். "நீ விஷயம் தெரிஞ்சுதான் சிரிக்கறேன்னு நினைச்சேன் மைக்" என்றான். அவன் என்னை மைக் என்றுதான் கூப்பிடுவான். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

மைக் என்று அவன் கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறேன். இரண்டாவது நடைமேடைக்கு மேலே ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, மைக், கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வரும் தொலைபேசி, ஒரு நோட்டுப் புத்தகம். கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே நான்கு நடைமேடையும் தெரியும். எத்தனையாவது நடைமேடை, எத்தனை மணி, எவ்வளவு தாமதம், இதை நாள் முழுக்க சனங்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் இரண்டே விஷயம் சொல்லிக்கொடுத்தார். தெரியாததைச் சொல்லாதே. தெரிந்ததைச் சுற்றி வளைக்காதே. வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்றால் அதை முதலில் சொல், வருத்தத்தை அப்புறம் தெரிவித்துக்கொள்ளலாம். வருத்தத்தை முதலில் சொன்னால் கீழே நிற்கிறவர்களுக்கு என்னவோ ஏதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முதல் வருடத்தில் ஒரு நாள் ஒரு வண்டியை மூன்றிலிருந்து நாலாவது நடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். சுமை தூக்குகிறவர்களுக்குத் தெரியும். துப்புரவு செய்கிற பெண்களுக்குத் தெரியும். நடைமேடைக் கடைக்காரருக்குத் தெரிந்து பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலுக்கே போய்விட்டார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம் அறிவிப்பாளருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்குப் போன் செய்யவில்லை. நாற்பது பேர் மூன்றாவது நடைமேடையில் மூட்டை முடிச்சோடு நின்று, எதிரே தங்கள் வண்டி புறப்பட்டுப் போவதைப் பார்த்தார்கள். அன்று ஒரு கிழவர் படியேறி என் அறைக்கு வந்து கதவருகில் நின்று, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்று கேட்டார். எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் நடந்ததும் இதேதான். அத்தனை பேருக்கும் தெரியும், அதனால் எனக்கும் தெரியும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது நடைமேடையில் இளித்துக்கொண்டு நின்றவள் நான்.

என் வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். கண்ணாடி துடைக்கும் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், தனக்கு எதுவும் மாறவில்லை, எனக்கு என்ன மாறியது என்று சொன்னால் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு நாள் கழித்து வேலையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது.

என் குரல். எனக்கு அப்பாவின் குரல் என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வார்கள். பேருந்துக் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அப்பா ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் தூங்குகிறவர் எழுந்திருப்பார். வேலைக்கு நேர்முகத் தேர்வில், குரல் நன்றாக இருக்கிறதே, பயிற்சி எடுத்தாயா என்று கேட்டார்கள். இது என் அப்பா கொடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். அன்று மைக்கின் பித்தானை அழுத்திக்கொண்டு, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த வேகத்திலேயே நின்றுவிட்டேன். இது யாருடைய குரல்? மூன்று வினாடிதான் இருக்கும். கீழே தலைகள் நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தன. பாக்கியைச் சொல்லி முடித்தேன். அதன் பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

உலகத்தில் உயிர் எங்கிருந்து வந்தது என்று பெரிய படிப்பு படித்தவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். கடலிலிருந்து வந்தது என்கிறார்கள், வானத்திலிருந்து விழுந்த கல்லில் வந்தது என்கிறார்கள். வந்துவிட்டுப் போகட்டும். நான் எங்கிருந்து வந்தேன் என்று அடுப்படியில் இருக்கும் ஒருத்திக்குத் தெரியும். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

விஷயம் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு அடுத்த ஷிஃப்டில் வேலை பார்க்கும் அக்கா, அதுதான் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்து ஆளாக்கிவிட்டார்களே, இதைப் போய்க் கிளறுவானேன் என்றாள். கிளறியது நானா? பயணச்சீட்டுக் கொடுக்குமிடத்தில் இருப்பவர் வேறு ரகம். உண்மையான அம்மாவைத் தேடு, இப்போதெல்லாம் எச்சிலைச் சோதித்தே சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று வழி சொன்னார். உண்மையான அம்மா வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள், எனக்குச் சண்டையே அவளோடுதான் என்றேன்.

ஒரு மத்தியான நேரம் அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். கட்டிலின் மேல் காய்ந்த துணியைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா துணி மடிப்பதைப் பார்க்க வேண்டும். ஓரத்தோடு ஓரம் வைத்து, உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு தடவை சொல்லு. 'நான் உன்னைப் பெறல'ன்னு என் முகத்தைப் பார்த்து, சிரிக்காம சொல்லு."

"அதான் தெரிஞ்சு போச்சே. இன்னும் எதுக்குச் சொல்லணும்?"

"எனக்குத் தெரியறது வேற. நீ சொல்றது வேற."

அம்மா ஒரு தலையணை உறையை எடுத்தாள். மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். எனக்கு அப்போது வந்த கோபத்தில் அந்தத் துணிக் குவியலை அப்படியே தரையில் தள்ளிவிட்டேன். முப்பத்தைந்து வயதுக்காரி செய்கிற காரியமா என்று கேட்டால் இல்லைதான். அம்மா குனிந்து பொறுக்கினாள். நீ சொல்கிற வரைக்கும் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அம்மா ஒரு நாள் அண்ணனிடம் ஒரு பை கொடுத்தனுப்பினாள், அவன் அதை எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போனான். பழைய மெல்லிய பருத்திப் புடவையைக் கிழித்து, ஓரம் தைத்து, குழந்தைக்குத் துணி. மொத்தம் இருபத்து நாலு. எல்லாம் ஒரே அளவில் மடித்திருந்தது. கூட ஒரு சீட்டு இல்லை, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. முகத்தில் வைத்துப் பார்த்தேன், அத்தனை மெத்தென்று இருந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. துணியைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ச் சேர்ந்ததா என்று அண்ணன் போன் செய்தபோது, சேர்ந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் என் மாமியார் வருவதாகத் தகவல் வந்தது. வேறு ஊரில் இருக்கிறவர், பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷத்தில் என்னைப் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு என்று ஏற்பாடு ஆயிற்று. சனிக்கிழமை அத்தை போன் செய்தாள். சம்பந்தி முன்னால் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது, குடும்ப மானம் காற்றில் பறக்கும், அந்த அம்மாள் நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தையை என்ன கண்ணால் பார்ப்பாள் என்று பொரிந்து தள்ளினாள். இத்தனை நாள் ஊரறியச் சொன்னோம் என்றவள் இவள்தான். அதைக் கேட்டேன். அது வேறு, இது வேறு என்று போனை வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்ன செய்யட்டும் என்றேன். அது உன் இஷ்டம், நான் உன் பக்கத்து நாற்காலியில் இருப்பேன் என்றார்.

போனேன். என் சபதத்தை மாமியாரிடம் எப்படி விளக்குவது என்பதால் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன், ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அம்மா பரிமாறினாள். மூன்று வாரத்தில் இளைத்திருந்தாள். மாமியார் நல்ல மனுஷி, வாயாடி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குழந்தைக்குத் தன் மகனின் நிறம் வந்தாலும் குரல் இந்த வீட்டுக் குரலாகத்தான் இருக்கும் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அத்தை உடனே ஆரம்பித்துவிட்டாள். மூக்கு எங்கள் பெரியவர் மூக்கு, நெற்றி என் தங்கச்சி நெற்றி என்று ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டே போனாள்.

குடிக்காமல் கையில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அத்தை, அதெல்லாம் இல்ல" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னேன். "நான் இந்த வீட்டுல பொறக்கல. என்னை இவங்க குழந்தையா எடுத்துக்கிட்டு வந்து வளர்த்தாங்க. எனக்கே இப்பதான் தெரியும். உங்களுக்கும் தெரியணும்."

சாப்பிட எடுத்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. முதலில் சுதாரித்தவள் அப்பாவின் அக்காதான். கலகலவென்று ஒரு சிரிப்பு. எங்கள் வீட்டில் இது ஒரு பழைய கிண்டல், இவளைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிச் சொல்லி இவளே நம்பிவிட்டாள் பாருங்கள் என்றாள். அப்பாவும் சிரித்தார். அண்ணன் பாதிச் சிரிப்பில் தட்டைப் பார்த்தான். மாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, அவரும் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். என் கண்ணெதிரே அது மறுபடி கிண்டலாகிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. தட்டைத் தூக்கி எறியக்கூடக் கை போயிற்று. என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கிண்டல் இல்ல."

அம்மா. கையில் கரண்டியோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி" என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அவள் அத்தையை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவ சொல்றது நிஜம்" என்று மாமியாரிடம் சொன்னாள். "நான் பெறல. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில பொறந்தா. பெத்த பொண்ணுக்கு ரொம்பச் சின்ன வயசு. வளர்க்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனா. போறப்ப அழுதுக்கிட்டேதான் போனா, அதையும் சொல்லிடறேன். குழந்தை நாப்பத்திரெண்டு நாள் அங்கேயே இருந்துச்சு. அதோட துணியை நான்தான் மடிச்சேன். ஒரு நாள் மடிச்ச துணியைக் கொண்டுபோய் வெக்கப் போனேன். என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடல. ஆபீஸ்ல போய்க் கேட்டேன். உனக்குத்தான் மகன் இருக்கானே, பிள்ளை இல்லாதவங்க வரிசையில நிக்கறாங்க, போன்னு சொன்னாங்க. மறுபடி போனேன். மறுபடியும் இல்லைன்னாங்க. மூணாவது தடவை இவரையும் கூட்டிக்கிட்டுப் போய், கையெழுத்துப் போடாம இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு உட்கார்ந்துட்டேன்."

அப்பா சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தா" என்றார் மெதுவாக.

மாமியார் ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியானால் பேரனுக்கு இந்த வீட்டுச் சர்க்கரை வியாதி வராது, அந்த மட்டுக்கும் நல்லது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பிசைய ஆரம்பித்தார். அண்ணனுக்குப் புரையேறியது.

எனக்கு அது போதவில்லை. ஆபீஸில் போய் அப்படி உட்கார்ந்தவளுக்கு என்னிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை? திரும்பி உட்கார்ந்து அதையே கேட்டேன். என் குரல் நடைமேடை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா கரண்டியை மேஜையில் வைத்தாள். இப்போது என்னைத்தான் பார்த்தாள்.

"சொன்னேன். உனக்கு நாலு வயசு. மடியில உட்கார வெச்சுச் சொன்னேன். உன்னைப் பெத்த அம்மா வேற, நான் உன்னைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்னு சொன்னேன். நீ எல்லாத்தையும் கேட்டுட்டு எறங்கிப் போனே. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பார்த்தா, பையில ரெண்டு கவுன், சீப்பு எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு, செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்திருக்கே. என்னடின்னு கேட்டா, 'அந்த அம்மா எப்ப வருவாங்க, நான் கிளம்பிட்டேன்'னு சொன்னே. அழவே இல்ல. மூணு நாள், காலையில எந்திரிச்சதும் பையைத் தூக்கிட்டுப் போய் உட்கார்ந்தே. எனக்குச் சோறு எறங்கல. நாலாம் நாள் முடியல. சும்மா சொன்னேன், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன்னு சொல்லிச் சிரிச்சேன். நீயும் சிரிச்சே. பையை உள்ள கொண்டுவந்து வெச்சே. அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே இவகிட்ட இதைச் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்னு."

எனக்கு அந்த வாசப்படி ஞாபகம் இல்லை. பை ஞாபகம் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று நாள் நான் உட்கார்ந்திருந்ததை நான் மறந்துவிட்டேன், அவள் முப்பத்தொரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் மேல் பாவமாக இருந்தது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. நாலு வயசுப் பிள்ளை பயந்தால் இருபது வயசில் சொல்லியிருக்கலாமே, முப்பதில் சொல்லியிருக்கலாமே, குரலைப் பற்றி நான் பெருமையடித்தபோதாவது சொல்லியிருக்கலாமே.

அம்மாவின் கை இரண்டும் மடிக்க ஒன்றும் கிடைக்காமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சிரிக்காமதான் சொல்லியிருக்கேன்" என்றாள். "இப்பக் கிளம்பிடுவியா?"

மாமியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத் தவிர. அவள் நிஜமாகத்தான் கேட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு, கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கும் என்னிடம், பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்துகொண்டு கேட்டாள்.

"கோபமா இருக்கேன்மா" என்றேன். "நீ சொன்னதும் போயிடும்னு நினைச்சேன். போகல. எப்பப் போகும்னு எனக்கே தெரியல."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். என் தட்டில் ஆறிப்போயிருந்ததை எடுத்துவிட்டுச் சூடாகப் பரிமாறினாள்.

"கோபப்படு" என்றாள். "எத்தனை வருஷம் வேணும்னாலும் கோபப்படு. இங்கேயே இருந்து கோபப்படு."